மேயோ கவுண்டியின் பழைய வரைபட அச்சுகள்: ஆண்டைப் பார்த்து வாங்கலாமா?

மார்ச் 2. ஒரு வாசகரின் கேள்வி

அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பப் போகிறேன். நினைவாக ஒரு பழைய மேப் வாங்கி ஹாலில் மாட்ட ஆசை. ஆன்லைனில் "மேயோ, 1610, அசல்" என்று ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நண்பர் ஒருவர், "ஆண்டு எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது, 1800க்குப் பிறகு வந்ததெல்லாம் பள்ளிக்கூட மேப்" என்கிறார். வாங்கிவிடலாமா?

மார்ச் 2, இரவு

பணம் கட்ட வேண்டாம், பொறுங்கள். 1610இல் மேயோவைத் தனியாக யாரும் அச்சிடவில்லை. அந்த ஆண்டு போட்ட அயர்லாந்து மேப் என்றால் அநேகமாக ஜான் ஸ்பீட் என்ற ஆங்கிலேய மேப்காரருடையது. அவர் முழு நாட்டுக்கு ஒன்று, அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கானக்ட் என்று மாகாணத்துக்கு ஒன்று போட்டார். மேயோ அந்தக் கானக்ட் தாளில் ஒரு பகுதி. கோல்வே நகரத்தின் சின்னப் படம் ஒன்றும் அதே தாளில் பெட்டிக்குள் இருக்கும். "1610 மேயோ" என்று விற்பவர் கானக்ட் மேப்பைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார், இல்லையென்றால் அதில் ஒரு துண்டைப் பெரிதாக்கி இப்போது அச்சடித்திருக்கிறார்.

விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். ஸ்பீடின் அட்லஸில் பெரும்பாலான பதிப்புகளில் மேப்புக்குப் பின்னால் அச்செழுத்து இருக்கும். 1616 பதிப்பென்றால் லத்தீன், மற்றவை ஆங்கிலம். நடுவில் அட்லஸ் மடிப்பு இருக்கும். படம் அனுப்ப மறுத்தால் அதுவே பதில்.

மார்ச் 3

படம் வந்ததும் ஆண்டை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். மேப்பில் பொறித்த 1610 என்பது செம்புத் தகடு வெட்டிய காலம். ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸ் வெட்டிய தகடு அது. லண்டனில் அதை வைத்துத் தலைமுறை கடந்தும் அச்சடித்தார்கள். கடைசிப் பெரிய பதிப்பு 1676. அத்தனை வருடமும் தகட்டில் 1610 அப்படியே இருந்தது. மாறியது பதிப்பாளர் பெயர்தான். சட்பரி, ஹம்பிள் என்று இருந்தால் ஆரம்ப காலம். பாசெட், சிஸ்வெல் என்று இருந்தால் 1676. இரண்டுக்கும் இடையில் இங்கிலாந்தில் ஒரு ராஜாவின் தலையே போயிருக்கிறது. ஆகவே தாளில் தெரியும் ஆண்டை மட்டும் வைத்து விலை பேசக் கூடாது.

கோடுகளையும் பாருங்கள். செம்பு மெத்தென்ற உலோகம், அச்சடிக்க அடிக்கத் தேயும். ஆரம்பத்தில் எடுத்த தாளில் கடலுக்குப் போட்ட நுணுக்கப் புள்ளிகள் கூர்மையாக நிற்கும். பின்னால் எடுத்ததில் சாம்பல் படிந்த மாதிரி வெளிறும்.

மார்ச் 3, மாலை

நண்பர் சொன்னதற்கு என் பதில்: மேயோவைப் பொறுத்தவரை நல்ல மேப்புகள் எல்லாம் 1800க்குப் பிறகு வந்தவை. இதை அடித்துச் சொல்வேன். ஸ்பீட் அயர்லாந்தை நேரில் அளந்தவர் இல்லை. பிறர் வரைந்ததைச் சேர்த்துத் தொகுத்தார். லண்டனில் இருந்தவர்களுக்குக் கோல்வே தெரியும், அது துறைமுகம். மேயோவின் மேற்குக் கரை தெரியாது. எரிஸ் தீபகற்பமும் அக்கில் தீவும் அந்தத் தாளில் காதால் கேட்டு வரைந்தது போல இருக்கும். அழகான தாள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஏழு வருடம் வாழ்ந்த ஊரை நினைவுக்கு மாட்டுகிறவர், தான் நடந்த இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டாமா?

மார்ச் 6

"அப்படியானால் மேயோ தனியாக முதலில் எப்போது அச்சில் வந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1685, வில்லியம் பெட்டியின் அட்லஸ். அயர்லாந்துக்கு வந்த முதல் கவுண்டி அட்லஸ் அதுதான்.

பெட்டி ஒரு மருத்துவர். கிராம்வெல்லின் படை அயர்லாந்தை அடக்கிய பிறகு, கத்தோலிக்கர்களிடமிருந்து பறித்த நிலத்தைச் சிப்பாய்களுக்கும் படைக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு போட வேண்டியிருந்தது. பங்கு போட அளவு வேண்டும். 1650களின் நடுவில் பெட்டி அந்த வேலையைக் குத்தகை எடுத்து, சிப்பாய்களையே சங்கிலி பிடிக்கப் பழக்கி, மிகக் குறுகிய காலத்தில் முடித்துக்கொடுத்தார். டவுன் (Down) சர்வே என்று அதற்குப் பெயர். கானக்டில் கோல்வே, ராஸ்காமன், மேயோ ஆகியவற்றின் பகுதிகளைத் திரும்ப அளக்கவில்லை. 1630களிலேயே அங்கே ஓர் அளவை நடந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள்.

கானக்டுக்கு அந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. மற்ற மாகாணங்களில் நிலம் இழந்தவர்களை ஷானன் ஆற்றுக்கு மேற்கே போ என்று விரட்டினார்கள். அப்படி விரட்டப்பட்டவர்கள் வந்து சேர்ந்த பூமியில் மேயோவும் ஒன்று. பெட்டியின் மேயோ தாளைச் சுவரில் மாட்டும்போது இதைத் தெரிந்து மாட்டுங்கள். அது ஊர் சுற்றிப் பார்க்கப் போட்ட மேப் கிடையாது.

மார்ச் 7

பெட்டியின் கையெழுத்து மூலங்கள் பற்றிக் கேட்டவருக்கு: ஒரு தொகுதி 1711இல் நடந்த தீவிபத்தில் பெரிதும் அழிந்தது, எஞ்சியது 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் எரிந்தபோது போயிற்று. பாரனி (கவுண்டியின் உட்பிரிவு) மேப்புகள் கொண்ட ஒரு தொகுதியைக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் அது பிழைத்தது. இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கிடைத்த பிரதிகளையெல்லாம் சேர்த்து டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2013இல் இணையத்தில் இலவசமாகப் போட்டது. வாங்கும் முன் அங்கே ஒரு மாலை உட்காருங்கள்.

மார்ச் 9

நடுத்தர விலையில் கிடைப்பவை இரண்டு.

ஒன்று, பெர்னார்ட் ஸ்கேலேயின் 1776 அட்லஸ். அயர்லாந்து, நான்கு மாகாணம், 32 கவுண்டி என்று மொத்தம் 37 தகடு. ஸ்கேலே டப்ளின் மேப்புக்குப் பேர்போன ஜான் ரோக்கின் மைத்துனர், அவரிடமே தொழில் கற்றவர். சின்னத் தாள், பாரனிக்குப் பாரனி கையால் வண்ணம் தீட்டியது. 1798இல் லாரி, விட்டில் என்ற லண்டன் பதிப்பாளர்கள் பெயரில் மறுபடி அச்சானது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பிரெஞ்சுப் படை மேயோவின் கில்லாலா விரிகுடாவில் இறங்கி, காசில்பாரில் ஆங்கிலப் படையை ஓட ஓட விரட்டியது. அதனால் 1798 தாளுக்கு இந்த ஊரில் ஒரு தனி மவுசு. வியாபாரிகளுக்கும் அது தெரியும்.

இரண்டு, சாமுவேல் லூயிஸின் 1837 அட்லஸ். அவருடைய ஊர் அகராதிக்குத் துணையாக வந்தது. மலிவு, நிறையக் கிடைக்கும், வழி தெளிவு. முதல் மேப் வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மேயோ வளர்ந்த கதை தெரியும். லூயிஸ்பர்க் 1790களில் எழுந்த ஊர், ஸ்கேலேயின் 1776 தகட்டில் அதைத் தேடாதீர்கள். பெல்முல்லெட் 1820களில் கட்டியது. லூயிஸில் ரயில் கிடையாது: ரயில் காசில்பாருக்கு 1862இல், வெஸ்ட்போர்ட்டுக்கு 1866இல் வந்தது. "1837" என்று விற்கும் தாளில் வெஸ்ட்போர்ட் வரை ரயில் கோடு ஓடினால் அது பின்னால் திருத்திய அச்சு. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 10

"எல்லைக்கோடு இப்போது இருப்பது போல இல்லையே, மேப் தப்பா?" என்று லூயிஸ் மேப் வைத்திருக்கும் ஓர் அக்கா கேட்கிறார். கிழக்கு ஓரத்தில் பாலஹடெரீன் மேயோவுக்குள் கிடக்கிறது என்கிறார்.

மேப் சரி அக்கா. உங்கள் கையில் இருப்பது 1898க்கு முந்தைய மேயோ. அந்த ஆண்டு வந்த உள்ளாட்சிச் சட்டத்தில் கவுண்டி எல்லைகளை அங்கங்கே ஒழுங்கு செய்தார்கள். பாலஹடெரீன் மேயோவிலிருந்து ராஸ்காமனுக்குப் போனது. வடக்கே மோய் ஆற்றின் அக்கரையில் இருந்த ஆர்ட்னரீ ஸ்லைகோவிலிருந்து மேயோவுக்கு வந்தது. அதனால்தான் பலினா நகரம் இன்று இரண்டு கரையும் சேர்ந்து மேயோவில் இருக்கிறது.

பாலஹடெரீன்காரர்கள் இதை இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும். அந்த ஊர் கேலிக் கால்பந்துக் குழு இன்றைக்கும் மேயோ கவுண்டிப் போட்டியில்தான் ஆடுகிறது. தபால் முகவரி ராஸ்காமன், ஆட்டத்துக்குப் பச்சையும் சிவப்பும். அந்த ஊரில் ஒருவர் வீட்டு நடைக்கூடத்தில் பழைய மேயோ மேப் மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். விருந்தாளி யார் வந்தாலும் கிழக்கு ஓரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் உள்ளே அழைப்பார். கண்ணாடியில் அந்த இடத்தில் மட்டும் விரல் கறை.

மேப்பின் காலத்தைக் கணிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. மேயோவென்றால் கிழக்கு ஓரத்தைப் பாருங்கள்.

மார்ச் 14

இத்தனை நாள் தள்ளிப்போட்டது வில்லியம் பால்டுக்காக. நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து அயர்லாந்தில் ஒவ்வொரு கவுண்டியின் கிராண்ட் ஜூரியும் தன் செலவில் ஒரு மேப் போட ஆரம்பித்தது. கிராண்ட் ஜூரி என்றால் அந்தக் கவுண்டியின் பெரிய நிலக்கிழார்கள் கூடி ரோடு, பாலம், சிறை ஆகியவற்றுக்கு வரி போடும் சபை. ரோடு போட மேப் வேண்டும். கிளேருக்கு ஹென்றி பெல்ஹாம் 1787இல் செய்துகொடுத்தார், கோல்வேக்கு வில்லியம் லார்கின் 1819இல். மேயோவுக்கு வாய்த்தவர் பால்ட், ஸ்காட்லாந்திலிருந்து வந்த இளைஞர்.

1809இல் ஆரம்பித்து 1817 வரை அளந்தார். மேயோ தெரிந்தவர்களுக்கு அந்த வேலையின் பாரம் புரியும். பாதி நிலம் கரிச்சதுப்பு. கால் வைத்தால் முழங்கால் வரை போகும். எரிஸ் பக்கம் சக்கரம் உருளும்படி ரோடு கிடையாது. அந்த நிலத்தில் கருவிகளைச் சுமந்து, மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்குக் கோணம் பிடித்து அளந்திருக்கிறார். சதுப்பு நிலங்களை ஆராய அரசு அமைத்த குழுவுக்கும் அதே காலத்தில் மேயோவில் வேலை செய்தார்.

அளந்து முடித்தும் மேப் உடனே வெளிவரவில்லை. பாரிசில் பியேர் தார்தியூவிடம் தகடு வெட்டி, 1830இல் 25 தாளாக வந்தது.

அதில் ஒரு தாளையாவது நேரில் பாருங்கள். க்ளூ விரிகுடா தாளைச் சொல்கிறேன். அந்த விரிகுடாவில் நாளுக்கு ஒன்றாக 365 தீவு உண்டு என்பது ஊர்ப்பேச்சு. பனியாறு விட்டுப்போன மண்மேடுகள் பாதி கடலில் மூழ்கி நிற்கின்றன. முந்தைய மேப்புகளில் அங்கே சில பொட்டுகள் மட்டும் இருக்கும். பால்ட் ஒவ்வொரு தீவையும் அதனதன் வடிவத்தில் போட்டிருக்கிறார். கடல் பக்கம் அலை அரித்த செங்குத்து, நிலப் பக்கம் சரிவு. தெற்கே க்ரோ பேட்ரிக் எழுகிறது. மலைக்குச் சரிவின் திசையில் மெல்லிய கீற்றுகள் வெட்டி நிழல் காட்டியிருக்கிறார் தார்தியூ. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு கீற்று இன்னொன்றைத் தொடவில்லை. லென்ஸை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றால் மலை திரண்டு முன்னால் வருகிறது. 25 தாளையும் சேர்த்து மாட்ட ஒரு வீட்டுச் சுவர் போதாது.

முழுத் தொகுதி ஏலத்துக்கு வருவது அபூர்வம். ஒற்றைத் தாள் எப்போதாவது வரும். வந்தால் விடாதீர்கள்.

மார்ச் 14, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. பால்டின் மேப் 1830இல் வருகிறது. 1838இல் ராணுவத்தின் ஆர்ட்னன்ஸ் சர்வே மேயோவுக்குள் வந்து எல்லாவற்றையும் புதிதாக, இன்னும் பெரிய அளவில் அளந்துவிட்டது. எட்டே ஆண்டுகளில் பால்ட் பழசானார். பிறகு அவர் ஆன்ட்ரிம் கடலோரச் சாலையை அமைத்தார். அந்தச் சாலையில் போகும் பயணிகளில் சிலருக்காவது அவர் பெயர் தெரியும். மேயோவில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? இது எனக்கு ஆறாத மனக்குறை.

மார்ச் 15

அளவுகோல் குழப்பம் பற்றிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். பழைய அயர்லாந்து மேப்பில் இரண்டு கோல் இருக்கும். ஐரிஷ் மைல் 2,240 கஜம், இங்கிலீஷ் மைல் 1,760 கஜம். 11 ஐரிஷ் மைல் 14 இங்கிலீஷ் மைலுக்குச் சமம். தூரம் ஒத்துவரவில்லை என்று மேப்பைக் குறை சொல்லும் முன் எந்தக் கோலில் அளந்தீர்கள் என்று பாருங்கள்.

மார்ச் 18

ஆர்ட்னன்ஸ் சர்வே. இதை எழுதத்தான் இந்த இழையில் இவ்வளவு தூரம் வந்தேன் போலிருக்கிறது.

1824இல் தாமஸ் கோல்பி தலைமையில் தொடங்கியது. நோக்கம் வரி: டவுன்லேண்ட் எல்லை துல்லியமாகத் தெரிந்தால்தான் நிலவரியைச் சரியாகப் பிரிக்க முடியும். டவுன்லேண்ட் என்பது அங்கே நிலத்தின் மிகச் சின்ன அலகு, நாடு முழுக்க 60,000க்கு மேல் உண்டு. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவு. 1833இல் லண்டன்டெரி கவுண்டியில் வெளியீடு தொடங்கி 1846இல் கெர்ரியுடன் முடிந்தது. ஒரு முழு நாட்டை இந்த அளவில் அதற்கு முன் யாரும் போட்டதில்லை. ஒரு தாள் ஆறு மைலுக்கு நாலு மைல். மேயோவுக்கு மட்டும் நூறு தாளுக்கு மேல். ஊர்ப்பெயர்களை விசாரிக்க ஜான் ஓ'டோனவன் 1838இல் மேயோவில் ஊர் ஊராகப் போனார். அவர் அனுப்பிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

இப்போது அக்கில் தீவின் ஸ்லீவ்மோர் தாளை எடுங்கள். மலையின் தெற்கு அடிவாரத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னச் செவ்வகங்கள். ஒவ்வொன்றும் ஒரு வீடு. தெரு கிடையாது, வரிசை கிடையாது, பழைய பாதை ஒன்றை ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன. நிலத்தைக் கூட்டாக வைத்துப் பங்கு பிரித்துப் பயிரிட்ட குடும்பங்கள், வீடுகளையும் நெருக்கமாகவே கட்டிக்கொண்டன.

இந்தத் தாளுக்காக அளந்து சில வருடத்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். 1841 கணக்கெடுப்பில் மேயோவின் மக்கள்தொகை 3,88,887. 1851இல் 2,74,499. லட்சத்துக்கு மேல் குறைந்துபோனது, செத்தும் கப்பல் ஏறியும். ஸ்லீவ்மோர் அன்றே காலியாகிவிடவில்லை. ஜனங்கள் மெல்ல மெல்லக் கடலோரம் நகர்ந்தார்கள். மிஞ்சிய வீடுகளைக் கோடையில் மாடு மேய்க்கும்போது தங்குவதற்கு வைத்திருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. இன்று அங்கே சுமார் 100 வீடுகளின் கல்சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கே நடந்திருக்கிறேன். தாளில் இருக்கும் செவ்வகத்தைத் தரையில் கண்டுபிடிக்க முடியும். வாசல் எந்தப் பக்கம், பக்கத்து வீடு எவ்வளவு கிட்டம் என்பது வரை. ஒரு வீட்டில் அடுப்பு இருந்த சுவரில் சின்ன மாடக்குழி இருந்தது. ஆடு ஒன்று உள்ளே படுத்திருந்தது. சுவருக்கு வெளியே உருளைக்கிழங்கு போட்ட பாத்திகளின் மேடும் பள்ளமும் புல்லுக்கடியில் இன்னும் தெரிகின்றன.

ஸ்பீடின் 1610க்கும் இந்த 1838க்கும் நடுவில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

மார்ச் 18, பிறகு

சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆறு அங்குல முதல் பதிப்பில் மலைக்கு நிழலும் இல்லை, சம உயரக் கோடும் இல்லை. அங்கங்கே உயரம் எண்ணாகப் போட்டிருக்கும், அவ்வளவுதான். வீடு தெரியும், மலை தெரியாது. பால்டில் மலை தெரியும், வீட்டை எண்ண முடியாது. ஒன்றுக்கு ஒன்று துணை.

மார்ச் 20

கோல்பி பெயரைப் பார்த்ததும் ஒருவர் "எவரெஸ்டுக்கும் அவருக்கும் ஏதோ தொடர்பு உண்டல்லவா" என்று கேட்டார். உண்டு. வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். அடிக்கோடு, அதாவது மற்ற தூரங்களையெல்லாம் கணக்கிட முதலில் தரையில் அளக்கும் கோடு, அளக்கும்போது அந்தப் பிசகு வராமல் இருக்கப் பித்தளையும் இரும்பும் இணைத்த கோல்களைக் கோல்பி செய்வித்தார். 1827-28இல் லஃப் ஃபாயில் கரையில் அவற்றால்தான் அடிக்கோடு போட்டார்கள். இந்திய நில அளவையைச் சேர்ந்த, அப்போது இங்கிலாந்தில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1829இல் அயர்லாந்துக்குப் போய் அதைப் பார்த்து, அதே மாதிரிக் கோல்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1831-32இல் கல்கத்தா அடிக்கோடு அவற்றால் அளந்தது. 1802இல் நம் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலியால் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை அப்படியாக அயர்லாந்தின் கோலோடு தொடர்ந்தது. இழை இதோடு மேயோவுக்குத் திரும்பட்டும்.

மார்ச் 24

ஸ்பீடையும் பெட்டியையும் ஒதுக்கிவிட்டதாக மூன்றாம் தேதிக் குறிப்பை ஒருவர் படித்திருக்கிறார். ஸ்பீடைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பெட்டியை இந்த வாரம் திரும்பப் பார்த்தேன், அவரிடம் இன்னும் மெதுவாகப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. வெட்டுவேலை பால்டுக்குப் பக்கத்தில் நிற்காது, கரை கோணல். ஆனால் நிலம் கைமாறிய காலத்தில் அந்த இடங்களுக்கு என்ன பெயர் வழங்கியது என்பதற்கு அச்சில் அதைவிட்டால் வேறு தாள் இல்லை. ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. சத்தமாக வாசித்தால் இன்றைய ஊர் எது என்று பிடிபடுகிறது. சுவருக்கு வேண்டாம், மேசைக்கு வேண்டும் என்று சொல்வேன்.

மார்ச் 29

வாங்கிய பிறகு என்ன செய்வது என்ற கேள்விகள் சேர்ந்துவிட்டன.

மேப்புக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுகிறவர் பசை என்று வாயைத் திறந்தால் மேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். எனக்கு வந்த லூயிஸ் மேப் ஒன்றை முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ கொடுத்து அட்டையோடு முழுசாக ஒட்டியிருந்தார். அட்டையில் இருந்த அமிலம் இறங்கித் தாள் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. பிரிக்கக் கொடுத்தபோது பழைய தாள்களைப் பழுதுபார்ப்பவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். தாளை மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் கீற்றால், கோதுமை மாவுப் பசையில் தொங்கவிட்டால் போதும். அந்தப் பசை தண்ணீரில் கழன்றுவிடும். அமிலமில்லாத மவுண்ட் (சட்டத்துக்குள் தாளோடு வைக்கும் அட்டை) கேளுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. வெயில் விழும் சுவர் வேண்டாம். நம் ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் வெளிச் சுவரையும் தவிர்க்க வேண்டும், மழைக்காலத்து ஈரம் பின்பக்கம் வழியாக ஏறிப் பழுப்புப் பொட்டு போடும்.

பச்சை வண்ணத்தைத் தனியாகப் பாருங்கள். பழைய காலத்துப் பச்சையில் செம்பு உண்டு. அது தாளைத் தின்னும். தாளைத் திருப்பிப் பிடித்தால் முன்னால் பச்சை இருக்கும் இடம் பின்னால் பழுப்பாகத் தெரியும், முற்றினால் அந்தக் கோட்டிலேயே விரியும். வண்ணம் பழையது என்பதற்கு அது நல்ல அடையாளம். விரிசல் வந்திருந்தால் விலையில் பேசுங்கள்.

ஏப்ரல் 4

போலி பற்றி. ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும். செம்புத் தகட்டு அச்சில் கோடு தாளின் மேல் துளி எழும்பி நிற்கும், விரல் நுனிக்கே தெரியும். நான்கு பக்கமும் தகடு அழுத்திய பள்ளம் ஒரு சட்டம் போலத் தெரியும், ஓரம் வெட்டாமல் இருந்தால். லென்ஸில் கோட்டுக்குப் பதில் புள்ளிக் கூட்டம் தெரிந்தால் இந்தக் காலத்து அச்சு. ஸ்பீட், பெட்டி காலத்துத் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வரிவரியாக வலைக்கம்பித் தடம் தெரிய வேண்டும். வழவழத் தாள் 1750களுக்குப் பிறகுதான் வந்தது. 1610 என்று சொல்லி வழவழத் தாள் காட்டினால் மேலே பேச ஒன்றும் இல்லை.

மறு அச்சு வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. அதை மறு அச்சு என்று சொல்லி விற்க வேண்டும், அவ்வளவே.

ஏப்ரல் 6

அட்லஸைப் பிரித்துத் தனித்தாளாக விற்கும் வழக்கம் பற்றிக் கோபமாக எழுதியவரோடு உடன்படுகிறேன். முழு அட்லஸின் விலையைவிட 37 தாளின் விலை கூடும் என்பதால் நடக்கிறது. ஏற்கெனவே பிரிந்து வந்த தாளை வாங்கலாம். முழுப் புத்தகமாக இருப்பதைக் காட்டி "மேயோ மட்டும் வேண்டுமா, எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். என்னிடம் ஒரு வியாபாரி இப்படிச் சொன்னார். ஸ்கேலே, கட்டமைப்புக் குலையாத பிரதி. வேண்டாம் என்றேன், கெஞ்சியும் பார்த்தேன். அடுத்த மாதம் கெர்ரியும் டொனிகாலும் தனித்தனியாக விற்பனையில் இருந்தன.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவருக்குப் பின்பக்கப் படம் வந்துவிட்டது. பார்த்தேன். எழுத்து இல்லை, மடிப்பு இல்லை, தாள் வெள்ளை. முன்பக்கத்தில் கானக்டின் மேல் பாதி மட்டும் பெரிதாக்கப்பட்டிருக்கிறது. கோல்வே பெட்டி ஓரத்தில் பாதியில் அறுந்து நிற்கிறது. இது இப்போது அடித்த அச்சு. கேட்கும் விலையில் பத்தில் ஒன்று கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

நீங்கள் வெஸ்ட்போர்ட்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் நடுவில் குடியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு பால்டின் க்ளூ விரிகுடா தாள். அசல் கிடைக்கும் வரை காத்திருக்க நேரம் இல்லையென்றால் நல்ல மறு அச்சு வாங்குங்கள். கூடவே லூயிஸின் 1837 மேயோ அசலாக ஒன்று, அது உங்கள் கைக்கு எட்டும். உங்கள் வீடு இருந்த டவுன்லேண்டின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குல முதல் பதிப்பை அயர்லாந்து அரசின் டைல்டே ஏரன் (Tailte Éireann) இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே 2023இல் அந்த அமைப்போடு சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் 1838இல் எத்தனை செவ்வகம் இருந்தது என்று எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

விமானத்தில் கொண்டுபோக அட்டைக் குழாய் வேண்டாம், பழைய தாளைச் சுருட்டினால் மடிப்பில் உடையும். இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கைப்பையில் எடுத்துப் போங்கள். சட்டத்தை ஊரில் போட்டுக்கொள்ளலாம்.